விறகுச் சூளையும் வனைந்தவர் பெயரும்



கடந்த நூறாண்டுகளில் உலகின் பல நாடுகளில் மட்பாண்டக் கலைஞர்கள் எரிவாயுச் சூளையையும் மின்சாரச் சூளையையும் விட்டு விறகுச் சூளைக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் சுட்டெடுத்த கலங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன; அவர்களைப் பற்றி நூல்கள் வந்திருக்கின்றன. இங்கே, மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தானில், தமிழ்க் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக விறகிட்டுப் பானை சுட்டு வருகின்றன. அவர்களுடைய பானை பொங்கல் முடிந்த மறுவாரம் வீட்டின் கொல்லைப்புறத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு இடத்திலும் மண் உண்டு, தீ உண்டு, கைப்பழக்கம் உண்டு. பிறகு ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? கைத்திறனில் உள்ள வேறுபாடு இதற்குக் காரணமாகாது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம். பெயர், பதிவு, பயிற்சிக்கூடம், விலை ஆகிய நான்கும் கலைஞரைச் சுற்றிக் கட்டப்பட்டன. நம் குயவரைச் சுற்றி யாரும் கட்டவில்லை. கட்டப்படாத ஒன்றைக் கட்ட முடியும். ஆகவே இதைப் பரிதாபத்தோடு பேச வேண்டியதில்லை, கணக்கோடு பேசலாம்.

முதலில் கலைஞர்களின் திருப்பத்தைப் பார்ப்போம். பீட்டர் வோல்கோஸ் 1924இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 1954இலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓட்டிஸ் கலைப்பள்ளியிலும் 1959இலிருந்து பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். குவளையும் தட்டுமாக இருந்த மண்வேலையைச் சிற்பத்தின் அளவுக்கு உயர்த்தியவர் என்று அமெரிக்கக் கலை வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. அவருக்குக் கிடைக்காத சூளை வகை எதுவும் இல்லை. வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் கருவிகள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. அப்படிப்பட்டவர் 1979இல், பீட்டர் காலஸ் என்ற இளைய குயவர் ஜப்பானிய முறையில் கட்டிய அனகாமா என்னும் குகைச் சூளையில் தம் கலங்களைச் சுடத் தொடங்கினார். 2002இல் மறையும் வரை விறகுத் தீயே அவருடைய பிற்கால வேலைக்கு முகம் கொடுத்தது. புகழின் உச்சியில் இருந்த ஒருவர், வசதி குறைந்த, உழைப்பு மிகுந்த, விளைவு உறுதியில்லாத முறையை விரும்பித் தேடிப் போகிறார் என்றால், அந்த முறையில் வேறு எதிலும் கிடைக்காத ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

அது என்ன என்பதை வேதியியல் சொல்லும். மின்சாரச் சூளையில் கலத்தைத் தொடுவது வெப்பம் மட்டும். விறகுச் சூளையில் வெப்பத்தோடு சாம்பலும் புகையும் கலத்தைத் தொடுகின்றன. மரச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் உண்டு. சூடு ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசைத் தாண்டும்போது, கலத்தின் மேல் படிந்த சாம்பல் களிமண்ணின் மணற்சத்தோடு உருகிக் கண்ணாடிப் பூச்சாக வழிகிறது. யாரும் பூசாத பூச்சு அது. தீ எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தக் கலம் எதை மறைத்தது, எந்த நேரத்தில் காற்று குறைந்தது என்பதெல்லாம் மேற்பரப்பில் பதிவாகிவிடுகின்றன. காற்று தாராளமாக இருந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். காற்று குறைந்தால் கறுக்கும். இதைக் கலைஞர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் தோண்டியெடுத்த கறுப்பு-சிவப்புக் கலங்கள் இந்த அறிவின் மேல்தான் நிற்கின்றன. ஒரே கலத்தின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் வர வேண்டுமானால், சூளைக்குள் காற்று எங்கே போக வேண்டும், எங்கே போகக்கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஜப்பானில் நடந்த திருப்பம் இன்னும் தெளிவானது. பிஸென் என்னும் ஊரில் பல நூற்றாண்டுகளாகப் பூச்சில்லாத கலங்களை விறகில் சுட்டு வந்தார்கள். அங்கே 1896இல் பிறந்த கனெஷிகே தோயோ, தொடக்கத்தில் நுணுக்கமான சிறு மண்ணுருவங்களைச் செய்து பெயர் பெற்றார். பிறகு அந்த வழியை விட்டு, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தம் ஊர்க் குயவர்கள் செய்த தேநீர்க் கலங்களின் மண்ணையும் சூளை முறையையும் ஆராய்ந்து மீட்டெடுத்தார். 1956இல் ஜப்பானிய அரசு அவரை வாழும் தேசியச் செல்வம் என்று அறிவித்தது. அவர் தேடிப் போனது பெயர் தெரியாத பழைய குயவர்களின் அறிவை. அந்த அறிவு அவர் காலத்தில் ஒரு தனிமனிதப் பெயரோடும் ஓர் அரசுச் சட்டத்தோடும் சேர்ந்தபோது கலையாக ஏற்கப்பட்டது. 1950இல் ஜப்பான் இயற்றிய பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் இல்லாமல் அந்தப் பட்டம் இல்லை. தீ பழையது, அங்கீகாரம்தான் புதியது.

இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி தமிழ் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. டெபரா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண்மணி ஜப்பானிய மொழி படித்தவர், கலிபோர்னியாவில் மண்கலை பயின்றவர். பிஸெனில் யமமோட்டோ தோஷு என்ற குயவரிடம் பயிற்சி பெற்றார். 1971இல் அவரும் ரே மீக்கர் என்ற குயவரும் சேர்ந்து புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். சவுக்கு விறகு எரித்து உயர்வெப்பக் கலங்கள் சுட்டார்கள். மீக்கர் 1980களில் பச்சை மண்ணால் ஒரு வீட்டையே கட்டி, அதனுள் பச்சைக் கலங்களை அடுக்கி, வீட்டைச் சூளையாக்கிச் சுட்டுப் பார்க்கும் முயற்சிகளிலும் இறங்கினார். இந்தியாவின் இன்றைய மட்பாண்டக் கலைஞர்கள் பலர் அந்தப் பட்டறையில் பயின்றவர்கள். அந்தப் பட்டறை நின்ற மண்ணைக் கவனியுங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள மட்கலங்கள் குவியலாக வெளிவந்தன. சுற்றியிருந்த ஊர்களிலெல்லாம் குயவர்கள் இருந்தார்கள், அய்யனாருக்குக் குதிரை சுட்டுக் கொடுத்தார்கள். புதுச்சேரி இந்திய மட்பாண்டக் கலைக்கு ஒரு முகவரி ஆனதற்குக் காரணம் அங்கே தீ புதிதாக வந்தது என்பதில்லை. கற்பிக்கும் இடம் ஒன்று வந்தது, யார் யாரிடம் கற்றார் என்ற பதிவு வந்தது, கலத்தின் அடியில் முத்திரை வந்தது, அதற்கேற்ற விலையும் வந்தது. நான் சொன்ன நான்கும் ஒரே இடத்தில் கூடின.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மின்மினிப் பூச்சிகளைப் பார்க்க உலகெங்குமிருந்து பயணிகள் கம்போங் குவாந்தானுக்கு வருகிறார்கள். அதே வட்டாரத்தில்தான் நம் குயவர்களின் பட்டறைகளும் இருக்கின்றன. ஆறு கொண்டுவந்து படியவைத்த களிமண் இந்தச் சமவெளியின் சொத்து. அதிலிருந்து பொங்கல் பானை வருகிறது, கார்த்திகைக்கும் தீபாவளிக்கும் அகல் வருகிறது, சாம்பிராணி போடும் தூபக்கால், மீன் குழம்புச் சட்டி, திருமணத்துக்கு அரசாணிப் பானை, ஈமச் சடங்குக்குக் குடம் என்று ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாழ்க்கை வட்டம் முழுவதும் வருகிறது. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று சுற்றிலும் இருந்த தோட்டங்களின் லயங்களில் தை முதல் நாள் பொங்கியது இப்படிப்பட்ட மண்பானைகளில்தான். தோட்டத்து வரலாறு விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார் என்பதும், மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் அவர் பிரான்சின் கோங்கூர் பரிசை வாங்கினார் என்பதும் நூல்களில் இருக்கின்றன. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் பொங்கல் வைத்த பானையை வனைந்தவர் யார் என்ற கேள்விக்கு அந்த நூல்களில் இடமில்லை.

பானையும் கலையும் ஒன்றாகுமா, இது வெறும் புழங்குபொருள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். உயர்வெப்பத்தில் சுட்ட பிஸென் கலம் இறுகிக் கல்லாகிவிடுகிறது. தட்டினால் கணீரென்று ஒலிக்கும், தண்ணீர் கசியாது. அதை அடுப்பில் நேரடித் தீயின் மேல் வைத்தால் விரிசல் விடும். நம் பொங்கல் பானை ஏறத்தாழ 700 முதல் 900 பாகைக்குள் சுடப்படுவது. அதன் உடம்பில் நுண்துளைகள் இருக்கின்றன. அடியில் தீ எரிய, உள்ளே பால் பொங்க, மேலே காற்று அடிக்க, பானையின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வோர் அளவில் விரிகிறது. அந்த இழுபறியைத் தாங்கும் நெகிழ்வைத் துளைகளும் மணற்கலவையும் தருகின்றன. மூலையில்லாத உருண்டை அடி, சூட்டை ஓரிடத்தில் தேங்கவிடாமல் பரப்புகிறது. அந்த உருண்டையைச் சக்கரத்தில் மட்டும் எடுக்க முடியாது. தமிழ்க் குயவர் மரபில், தடித்த சுவரோடு வனைந்ததைச் சற்று உலரவிட்டு, உள்ளே கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்கி அடியை மூடுகிறார்கள். எவ்வளவு உலர்ந்ததும் தட்ட வேண்டும் என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். ஆகவே நம் குயவர் 900 பாகையில் நிறுத்துவது அதற்குமேல் போகத் தெரியாததால் அன்று. அடுப்புக்குப் போகும் கலம் அங்கேதான் நிற்க வேண்டும். அருங்காட்சியகக் கலைஞர் எந்த அளவுக்குத் தீயை அறிந்தவரோ, அந்த அளவுக்கு இவரும் தன் பயனுக்கேற்ற தீயை அறிந்தவர்.

சிங்கப்பூரில் உள்ள ஒரு சூளை என் வாதத்துக்கு நேரடிச் சான்று. ஜூரோங் பகுதியில் 1940இல் கட்டப்பட்ட தௌ குவாங் டிராகன் சூளை, மலைச்சரிவில் பாம்பு படுத்ததுபோல் நீண்டு கிடக்கும் சீன மரபு விறகுச் சூளை. அந்தக் காலத்தில் அவ்வகைச் சூளைகள் சுட்டுத் தள்ளிய பொருள்களில் ஒன்று, நம் பாட்டன் பாட்டியர் கைபட்டுத் தேய்ந்த மங்கு. ரப்பர் மரத்தில் கோடு போட்டதும் பால் சொட்டி நிறையும் அதே மங்குதான். மங்கு சுட்ட காலத்தில் அந்தச் சூளையைக் கலைக்கூடம் என்று யாரும் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கும் எரிவாயுவும் வந்து வணிகம் சரிந்த பிறகு, கலைஞர்கள் அதே சூளையில் விறகிட்டார்கள். இன்று அது அந்நாட்டின் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. செங்கல் மாறவில்லை, சரிவு மாறவில்லை, விறகு மாறவில்லை. உள்ளே வைக்கும் கலத்துக்குச் சொந்தப் பெயர் உண்டா இல்லையா என்பது மட்டும் மாறியது.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மறுப்புகளில் முதலாவது வலுவானது. வோல்கோஸ் விறகைத் தேர்ந்தெடுத்தார், நம் குயவர் வேறு வழியில்லாமல் விறகில் நிற்கிறார், விருப்பத்தையும் வறுமையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது அது. வைக்கக்கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எரிவாயுச் சூளை வாங்கப் பணம் இருந்தும் விறகில் நிற்பதும், பணம் இல்லாமல் நிற்பதும் வாழ்க்கைத் தரத்தில் வெவ்வேறு. ஆனால் இந்த மறுப்பு பொருளாதாரத்தைப் பற்றியது, அறிவைப் பற்றியது அன்று. வறுமையில் பெற்ற அறிவும் அறிவே. அந்த அறிவுக்குத் தேர்வு செய்யும் உரிமையைத் தருவது சமூகத்தின் கடமை. நைஜீரியாவில் இது நடந்திருக்கிறது. லாடி குவாலி, சக்கரம் இல்லாமல் கையாலேயே குடங்களை எழுப்பும் கிராமத்துப் பெண். 1950களின் தொடக்கத்தில் மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயக் குயவர் அபுஜாவில் அரசுப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1954இல் லாடி குவாலி அதில் சேர்ந்தார். அவர் தம் குடத்தின் வடிவத்தையும் அதன் மேல் கீறும் உருவங்களையும் விடவில்லை. பூச்சும் உயர்வெப்ப விறகுச் சூளையும் புதிதாகச் சேர்ந்தன. அவர் கலங்கள் வெளிநாடுகளில் காட்சிக்கு வந்தன. 1977இல் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பயிற்சி நிலையத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. நைஜீரியாவின் 20 நைரா தாளில் அவர் உருவம் இருக்கிறது. சிறு வயது முதல் இருந்த கைத்திறன் அவருக்குப் பெயர் தரவில்லை. ஒரு பயிற்சிக்கூடமும் ஒரு பதிவும் சேர்ந்தபோது பெயர் வந்தது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. பெயர் எதற்கு, கைவினையின் அழகே அதன் பெயரின்மையில் இருக்கிறது என்று ஜப்பானியச் சிந்தனையாளர் யனாகி சோயெட்சு எழுதினார். அவருடைய நண்பரான ஹமடா ஷோஜி, 1924இல் மஷிகோ என்ற சமையல் பாத்திரக் கிராமத்தைத் தேடிப் போய்க் குடியேறியவர், தம் கலங்களில் கையெழுத்திட மறுத்தார். உயர்ந்த உள்ளம்தான். ஆனால் ஹமடா தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். 1920இல் பெர்னார்ட் லீச் என்ற குயவரோடு இங்கிலாந்தில் பட்டறை அமைத்தவர். 1955இல் வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டவர். கலத்தில் பெயர் இல்லாவிட்டாலும் அதை வைக்கும் மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருந்தது. பெயரை ஊரறியப் பெற்றவர் அதைத் துறக்கலாம். பெயரே கொடுக்கப்படாதவரிடம் துறவின் அழகைப் பேசுவது நியாயமாகாது. நம் மரபிலும் இந்தக் குறை ஈராயிரம் ஆண்டுப் பழையது. புறநானூற்றின் 228ஆம் பாடல், இறந்த மன்னனுக்குத் தாழி வனைய வேண்டிய குயவரை நேரில் விளித்துப் பேசுகிறது. அவருடைய சூளையின் புகையையும் காட்டுகிறது. பாடிய ஐயூர் முடவனாரின் பெயர் நமக்குத் தெரியும். பாடப்பட்ட கிள்ளிவளவனின் பெயர் தெரியும். விளிக்கப்பட்ட குயவரின் பெயர் தெரியாது. கீழடிப் பானையோடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் கிடைத்திருக்கின்றன. இவ்வகைப் பெயர்களில் பெரும்பாலானவை சுட்ட பிறகு கீறப்பட்டவை என்பதால் உடைமையாளர் பெயர்கள் என்றே அறிஞர் பலர் கொள்கிறார்கள். பானையை வாங்கியவர் பெயரைப் பானையே காத்து வைத்திருக்கிறது. செய்தவர் பெயரை யாரும் காக்கவில்லை.

மூன்றாவது மறுப்பை இளைஞர்கள் எழுப்ப வேண்டும், எழுப்புகிறார்கள். குயத்தொழில் பிறப்போடு கட்டப்பட்ட தொழிலாக இருந்தது. படித்து வேறு வேலைக்குப் போகும் பிள்ளையைக் கைவினையைக் காப்பாற்று என்று பிடித்து நிறுத்துவது சாதியின் கயிற்றை மறுபடி கட்டுவதாகாதா? ஆகும், அந்தப் பொறுப்பைக் குயவர் வீட்டுப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்தினால். தோட்டத்தை விட்டு வெளியே வந்ததுதான் நம் சமூகத்தின் முன்னேற்றம் என்பதை யாரும் மறுக்க முடியாது. அதுபோலவே பட்டறையை விட்டுப் போகவும் ஒருவருக்கு முழு உரிமை உண்டு. இதற்கும் பயிற்சிக்கூடமே விடை. வோல்கோஸ் குயவர் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர், டெபரா ஸ்மித்தும் அல்லர். அவர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்பிக்கும் இடம் ஒன்று இருந்தால் எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம், எந்த வீட்டுப் பிள்ளையும் வராமலும் இருக்கலாம். அங்கே குயவர் தொழிலாளியாக அன்றி ஆசிரியராக நிற்பார். பிறப்பால் வரும் கடமையைக் கற்றுப் பெறும் தகுதியாக மாற்றுவதுதான் சாதியை அறுக்கும் வழி. தொழிலைச் சாகவிடுவதால் சாதி சாவதில்லை. அறிவு மட்டும் சாகிறது.

நான்காவது மறுப்பு புகையைப் பற்றியது. புகைமூட்டத்தின் கொடுமை இந்த மாவட்டத்துக்குத் தெரியும். ராஜா மூசா காட்டின் சதுப்பு நிலம் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்த ஆண்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்கிறது, அந்தத் தடை தேவையானது. விறகுச் சூளைக்கு வக்காலத்து வாங்குபவர் இதை ஒதுக்கிவிட்டுப் பேசக்கூடாது. புகைக்கு முதற்காரணம் ஈரம். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். அதை எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகும், முழுதாக எரியாத மிச்சம் புகையாகும். உலர்ந்த விறகு, அளவான காற்று, நல்ல புகைபோக்கி மூன்றும் இருந்தால் விறகும் குறையும், புகையும் குறையும். அப்படிப்பட்ட சூளை கட்டச் செலவாகும். அந்தச் செலவுக்குப் பொது நிதியிலிருந்து உதவுவது நியாயம். விறகு எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருக்கிறது. ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யப்படும். முன்பு அந்த மரம் விறகாகத் தாராளமாகக் கிடைத்தது. 1980களிலிருந்து அது மேசை நாற்காலிக்கு உகந்த மரமாகிவிட்டது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்துவிட்டது, செம்பனைத் தண்டு விறகுக்கு உதவாது. ஆனாலும் காட்டை அழிக்காமல் விறகு எடுக்க நம் நாட்டுக்கே வழி தெரியும். பேராக் மாநிலத்தின் மாத்தாங் சதுப்புக்காடு 1902 முதல் முறையாகப் பராமரிக்கப்படுகிறது. 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி நட்டு, அதன் மரத்தில் கரி சுடுகிறார்கள். ஒரு கரித் தொழிலுக்கே காடு ஒதுக்கத் தெரிந்த நாட்டில், சில பட்டறைகளுக்கு வேண்டிய மரத்துக்கு வழி காண்பது கடினமன்று.

கடைசி மறுப்பு சந்தையைப் பற்றியது, இதுவே எனக்கு மிகக் கவலை தருவது. எவர்சில்வர் வந்துவிட்டது, இறக்குமதி அகல் மலிவாகக் கிடைக்கிறது, பொங்கல் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது, இதை நம்பி யார் வாழ முடியும் என்று கேட்கிறார்கள். ஒரு பண்டிகையை நம்பி நிற்கும் தொழில் எவ்வளவு நொய்மையானது என்பதை 2021 காட்டியது. அந்த ஆண்டு பொங்கல் ஜனவரி 14. அதற்கு முந்தைய நாள், ஜனவரி 13 அன்று, சிலாங்கூரில் கோவிட் பெருந்தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு மீண்டும் அமலுக்கு வந்தது. அழுகும் பொருள் அன்று பானை. ஆனால் அடுத்த தை வரை அதற்குக் கேட்பாரும் இல்லை. ஆகவே சந்தையை விரிக்க வேண்டும் என்பதில் மறுப்பாளரோடு நான் உடன்படுகிறேன். விரிப்பதற்கு வழி விலையைக் குறைப்பதில் இல்லை. இயந்திரத்தோடு விலையில் போட்டியிடும் கை தோற்றே தீரும். கைக்கு இருக்கும் ஒரே பலம், இது இன்னார் செய்தது, இந்த ஆற்று மண்ணில் செய்தது, இந்தத் தீயில் சுட்டது என்று சொல்லக்கூடிய உண்மை. அந்த உண்மையைப் பொருளோடு சேர்த்துக் கொடுத்தால்தான் வாங்குபவர் கூடுதல் விலைக்குக் காரணம் காண்பார். மஷிகோவும் பிஸெனும் அப்படித்தான் பிழைத்தன. மின்மினி பார்க்க வரும் பயணி பகலில் பட்டறைக்கு வந்து, சக்கரத்தின் முன் அமர்ந்து ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டு, பெயர் பொறித்த ஒரு சட்டியோடு ஊர் திரும்புவதற்குத் தடையாக இங்கே எதுவும் இல்லை. முறையான ஏற்பாடுதான் வேண்டும்.

எனவே செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு பானையின் அடியிலும், மண் உலருமுன், பட்டறையின் முத்திரையும் ஆண்டும் பதிய வேண்டும். இதற்குச் செலவு ஒரு சிறு மரக்கட்டை. இரண்டாவது, மூத்த குயவர்களின் அறிவைப் பதிவு செய்ய வேண்டும்: எந்த மண்ணோடு எவ்வளவு மணல், எந்த நிறத் தீயில் எதைச் செய்வது, எப்படிச் சூளை அடுக்குவது என்பதையெல்லாம் அவர்கள் குரலிலேயே. இந்த மாவட்டத்துத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் இதைச் செய்ய முடியும். மூன்றாவது, ராவாங்கில் இருக்கும் தேசியக் கைவினைக் கழகத்தில் மட்பாண்டம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. கம்போங் குவாந்தான் அங்கிருந்து தொலைவில் இல்லை. கழகத்தின் மாணவர்கள் இங்கே வந்து பானை அடி தட்டக் கற்கட்டும். நம் இளைஞர்கள் அங்கே போய்ப் பூச்சும் உயர்வெப்பச் சூளையும் கற்கட்டும். நான்காவது, 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம், வாழும் மனிதரையும் நாட்டின் பாரம்பரியமாக அறிவிக்க இடம் தருகிறது. மலாய்க் குயவர் மரபின் சாயோங் லாபுவும் மம்போங் மட்கலமும் எப்படி மலேசியாவின் சொத்தோ, அப்படியே கோலசிலாங்கூர்ப் பானையும் மலேசியாவின் சொத்து. அதைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியவர்கள் நாம்தான். நமக்காக வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியதைச் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பொங்கல் விழா பல பள்ளிகளில் நடக்கிறது. கோயில்கள் இருக்கின்றன, சங்கங்கள் இருக்கின்றன. இவையெல்லாம் இடைத்தரகர் இல்லாமல் பட்டறையிலிருந்து நேராக வாங்கினால், முன்பணம் கொடுத்து ஆண்டின் நடுவிலேயே சொல்லி வைத்தால், தொழிலின் கணக்கே மாறும். உங்கள் ஒவ்வொருவரிடமும் என் வேண்டுகோள் இதுதான். வருகிற தைக்குப் பானை வாங்கும்போது, அதை வனைந்தவர் யார் என்று கேளுங்கள். அந்தப் பெயரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுங்கள்.